நாற்ற நோட்டும் பன்னிரண்டு டாங்கிகளும்

என் வயது நாற்பத்து நான்கு. தீப்பெட்டி அளவுள்ள பொம்மை டாங்கிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதப் பல வருஷம் எனக்குத் தைரியம் வந்ததில்லை. இப்போது அதைவிடப் பெரிதாக வெட்கப்பட ஒரு விஷயம் சேர்ந்துவிட்டது. அதனால் இது சுலபமாக வருகிறது.

மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது. துணி விரித்து, தெர்மாகோலில் மேடு செய்து, இரண்டு பக்கமும் குட்டிப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்துத் தூரம் அளந்து ஆடுவது. மாதத்தில் இரண்டு ஞாயிறு பெரம்பூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாலு பேர் கூடுவோம். ஒருவர் ரயில்வே, ஒருவர் வங்கி, ஒருவர் பல் டாக்டர். நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். எல்லாருக்கும் தலை நரைத்தாயிற்று. ஆனாலும் அரை அங்குலத்துக்காக அரை மணி நேரம் சண்டை போடுவோம்.

ஆட்டத்தில் நான் சுமார்தான். பெயிண்ட் அடிப்பதில் மட்டும் என்னை அடிக்க ஆள் கிடையாது, இதைப் பெருமையாகவே சொல்கிறேன். உள்ளே வரும் ஒவ்வொரு கன்டெய்னரிலும் எங்கே அடிபட்டிருக்கிறது, எங்கே துரு ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. பதினெட்டு வருஷமாகத் துருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எங்கே பிறக்கும், எந்தப் பக்கம் வழியும் என்று எனக்குத் தெரியும். டாங்கிக்கு முதலில் சாம்பல் நிறப் பூச்சு, அதன்மேல் மணல் நிறம், பிறகு தண்ணீராகக் கரைத்த பழுப்பைத் தடவினால் ஆணித் தலைகளைச் சுற்றி அது தானே போய் நிற்கும். கடைசியில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டால் துருவை ஒற்றி எடுப்பேன். விளிம்புகளில் பென்சில் ஈயத்தைத் தேய்த்தால் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிவது போலவே இருக்கும். பல் டாக்டர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "யோவ், எப்படியா?" என்பார். அந்த ஒரு கேள்விக்காக நான் ஒரு வாரம் முதுகு வலியைப் பொறுத்துக்கொள்வேன்.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. அங்கே நான் "சாரு". ரேஷன் கார்டு, கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு என்று எதற்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும், அலுவலகத் தமிழும் வரும். பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், "சாரு கம்ப்யூட்டர் வேலை பாக்குறாரு" என்பார்கள். நானும் அதைத் திருத்தியதில்லை. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் கேஷியராக இருக்கும் என் மனைவிக்கு மட்டும் தெரியும். "சாருக்கு பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கணுமாம், தோசை அப்புறம்தான்" என்பாள். அவள் கிண்டல் எனக்கு உறைக்காது. தெரு சிரித்தால் என்னால் தாங்க முடியாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டில் அக்கா இருக்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மூத்தவர். காசிமேட்டில் படகு வைத்திருந்தவரின் மகள், கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் இறந்த பிறகு மார்க்கெட்டில் மீன் விற்றுப் பிழைத்தார். மூச்சுத் தொந்தரவு வந்ததும் அதை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். அவர் கூடப் பிறந்தவர் இன்னும் கடலுக்குப் போகிறார். தினமும் அக்கா மொட்டை மாடியில் ஏறி நின்று, அப்பாவிடம் கற்றபடி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போனில் அவருக்குக் காற்று சொல்வார். செல்போனே காற்றைக் காட்டும் இந்தக் காலத்திலும் அந்த மனிதர் அக்கா சொன்னால்தான் நம்புவார்.

எங்கள் பக்கத்தில் நாற்றம் ஒரு புதிய விஷயம் கிடையாது. மேற்கே இருக்கும் கம்பெனிகளில் எதையாவது திறந்துவிட்டால், கோடைக் காற்று என்று அக்கா சொல்லும் மேல்காற்று அதை நேராக எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். விடிகாலையில் கண் எரிந்து எழுந்திருப்போம். அப்படி ஒரு நாள் அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அதன் பிறகு தெருவே திரண்டு மாசு பார்க்கும் அலுவலகத்துக்குப் போனது. அங்கே இருந்தவர், "மூணு மாசம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம், என்ன மாதிரி நாத்தம். ஒழுங்கா இருந்தா உங்க தெருவுல காத்தை அளக்குற மெஷின் வைக்கச் சொல்லி எழுதுறோம்" என்றார்.

அந்த மெஷின்தான் அக்காவின் ஒரே ஆசையாகிவிட்டது. "மெஷின் வந்துட்ச்சுன்னா எவனும் என்னை சொம்மா கூவுறான்னு சொல்ல முடியாது பாரு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம், வயசாயிடுச்சு, மனப்பிராந்தி என்று சொன்னவர்கள்தான் அதிகம். நோட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாற்றத்தையும் காற்றையும் அக்கா சொல்வார், நான் எழுதுவேன். பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. தெருவில் அதற்கு நாற்ற நோட்டு என்றே பெயர் வந்துவிட்டது. அழுகின முட்டை, அமோனியா, எரிந்த ரப்பர் என்று அக்கா பிரித்துப் பிரித்துச் சொல்வார். கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, யார்டில் எழுதுவதைவிட நன்றாகவே எழுதினேன்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. அப்போதுதான் பல் டாக்டர் கிளினிக்குக்குப் புது த்ரீடி பிரிண்டர் வாங்கி, பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். பிசினாக இருக்கும் ரெசினை வெளிச்சத்தால் கெட்டியாக்கி, படலம் படலமாக அடுக்கி, டாங்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செய்கிற இயந்திரம். மேலே தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியும் தெரியும். ஆகஸ்டில் பெரிய ஆட்டம் ஒன்று வைத்திருந்தோம். அதற்குப் பன்னிரண்டு டாங்கிகள், பாலைவனப் படை, என் பொறுப்பு. நான் சின்னப் பையன் மாதிரி குதித்தேன்.

ரெசினுக்கு நாற்றம் உண்டு. அச்சடித்ததை ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும், அதற்கு இன்னொரு நாற்றம். சாம்பல் பூச்சு ஸ்ப்ரே டப்பா, அது மூன்றாவது. வீடியோவில் மாஸ்க் போடச் சொன்னார்கள், கன்னத்தில் இரண்டு வட்டுகள் உள்ள மாஸ்க் வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள், திறந்து வைத்தேன். பின்னறை ஜன்னல் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் இரண்டடிச் சந்துப் பக்கம் திறக்கும். அதற்கு நேர் கீழே அக்காவின் சமையலறை ஜன்னல். வீடியோவில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வேலையிலிருந்து வந்து சாயங்காலம் ஆறரைக்கு மெஷினை ஓட விடுவேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கீழேயிருந்து அக்கா கூப்பிட்டார்.

"நைனா, நோட்ட எட்துகினு வா. புச்சா ஒண்ணு வுடுறான் பாரு. இனிப்பா கீது. தொண்டையில போய் ஒட்டிக்குது."

மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வாசலில் எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. அவர் சொல்கிறாரே என்று எழுதினேன். இனிப்பான ரசாயன நாற்றம், மாலை ஏழு மணி. "காத்து இன்னாக்கா?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"கொண்டல்" என்றார். கடலிலிருந்து வரும் காற்று. சொல்லிவிட்டு அவரே குழம்பினார். "கொண்டல்ல எப்டி வருது? கடல்லயா கம்பெனி வெச்சிகிறான்?"

இரண்டாம் முறையும் அப்படியேதான். நான் எதையும் மறைத்து எழுதவில்லை, எனக்கு அப்போது தெரியாது. இது சத்தியம். சத்தியம் என்று சொல்லிக்கொள்ள இந்தக் கதையில் என்னிடம் இருப்பது இந்த இரண்டு முறைகள்தான்.

மூன்றாம் முறை அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. நான் மாடிப்படி இறங்கி, தெருக் காற்று மூக்கில் பட்டு, அவர் சமையலறைக்குள் நுழைந்தேன். நுழைந்த மாத்திரத்தில் அது என் அறை. என் மேஜை, என் ஸ்பிரிட் டப்பா, என் பாலைவனப் படை எல்லாம் அந்த நாற்றத்தில் இருந்தன. அக்கா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு மருந்து பம்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் கீச் கீச் என்று சத்தம். என் கழுத்தில் மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார்.

"நல்லா பண்ண நைனா. மாஸ்க் போட்டுக்கோ. நீ நல்லா இருந்தாதான எழுதுவ" என்றார்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "அக்கா, இது கம்பெனி இல்லை" என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வி, "பின்ன இன்னா?" அதற்குப் பதில், பொம்மை. சாரு மேலே பொம்மை செய்கிறார். ஒரு மனுஷி எதிரில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார், நான் தெரு சிரிக்குமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பிரித்து எழுதினேன். இனிப்பான ரசாயன நாற்றம், மாலை ஏழேகால், கொண்டல்.

"கொண்டல்லயே மூணாவது தபா வருது. எனக்குப் பிரியல" என்றார் அக்கா.

"காத்து மேல போய் மோதித் திரும்பும்க்கா. கட்டடம் எல்லாம் ஒசரமாயிடுச்சு இல்ல" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த விஞ்ஞானம் என்று எனக்கே தெரியாது.

"அப்டியா. நீ படிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கடல்காற்றைப் பற்றி அவருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். இன்றைக்கும் குளிக்கும்போது இது திடீரென்று ஞாபகம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

தெரிந்த பிறகாவது நிறுத்தினேனா என்றால் இல்லை. அன்றைக்கு நாலு டாங்கிதான் முடிந்திருந்தது. மீதி எட்டு. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், எனக்குத் தலை சுற்றியது, திறந்துவிட்டேன். மின்விசிறியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். வேறு வழி தேடுவதாக எனக்கே காட்டிக்கொள்ளச் செய்த காரியங்கள் இவை. என் மனைவி ஒரு நாள், "கீழ அக்காவுக்கு ராவெல்லாம் இருமல். நம்ம ரூம் நாத்தமா இருக்கப் போகுது, பாருங்க" என்றாள். "எல்லாம் கம்பெனி. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எரிந்து விழுந்தேன். அவள் பின்னறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அப்படி இன்னும் எட்டு முறை எழுதினேன். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் கொண்டல் என்று அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன், ஏனென்றால் கட்டத்தில் தப்பாக எழுதினால் என் கை கூசும். பொய்யை இவ்வளவு ஒழுங்காக எழுதியவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மூன்று மாதம் முடிந்ததும் அதிகாரி வந்தார். காலை பத்து மணி, அக்கா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். தெருவே நின்றது. அக்கா நல்ல புடவை கட்டியிருந்தார். அதிகாரி மரியாதையான மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நோட்டைப் புரட்டி, "யார் எழுதினது? கையெழுத்து பிரமாதமா இருக்கே" என்றார். "எங்க சாரு" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். நான் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அதில் பாதி வெட்கம், பாதி சந்தோஷம். அப்போதுகூட சந்தோஷம் இருந்தது.

பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "காலையில எழுதினதெல்லாம் கோடைக் காத்துன்னு இருக்கு. பொருந்துது. சாயங்காலம் பதினோரு தடவை கொண்டல்னு போட்டிருக்கே. கொண்டல்னா?"

"கடல்லேர்ந்து வர்ற காத்து சார்" என்றார் அக்கா.

"கம்பெனி எந்தப் பக்கம்மா?"

அக்கா மேற்கே கையைக் காட்டினார். காட்டிய கை பாதியில் தயங்கியது.

"அப்போ கடல்ல இருந்து காத்து வரும்போது மேற்க இருக்கிற கம்பெனி நாத்தம் எப்படி வரும்? ஒண்ணு, நாத்தம் வரலை. இல்ல, நீங்க சொன்ன காத்து தப்பு."

"காத்து தப்பா சொல்ல மாட்டேன் சார்" என்று சொன்ன அக்கா என் பக்கம் திரும்பினார். "சொல்லு நைனா. நீ சொன்னியே, மோதித் திரும்பும்னு. சாராண்ட சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார். மோதித் திரும்பும் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் தெரு சிரிக்கும். மூன்றாவதாக ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்னேனா, தானாக வந்ததா என்று இத்தனை நாள் கழித்தும் என்னால் பிரிக்க முடியவில்லை.

"அக்கா சொன்னதைத்தான் சார் எழுதினேன். நாத்தம், காத்து ரெண்டுமே அவங்க சொன்னது."

அதிகாரி தலையாட்டினார். "அம்மா, உங்களுக்கு வீஸிங் இருக்கு. சாதாரண வாசனை கூட நாத்தமாத் தெரியலாம். தப்பில்ல. ஆனா இந்தப் பதினொண்ணும் பொருந்தலைன்னா மத்ததை மட்டும் எப்படி நம்புறது? கம்பெனிக்காரன் வக்கீல் வெச்சு இந்தப் பக்கத்தைத்தான் மொதல்ல காட்டுவான். திரும்ப மொதல்ல இருந்து எழுதுங்க, பார்க்கலாம்." நோட்டை என் கையில்தான் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர், "சாரு கரெக்டாத்தான் எழுதிக்கிறாரு. இந்தம்மாதான் காத்து தெரியாம பேஜார் பண்ணிட்ச்சு. மூணு மாசம் வேஸ்டு" என்றார். யாரும் மறுக்கவில்லை. அக்கா காலிக் கண்ணாடி கிளாஸ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த விடிகாலையையும் நினைவிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதையும் சேர்த்துத்தான் பொய்யாக்கியிருந்தேன்.

அந்த ஞாயிறு பெரம்பூரில் பன்னிரண்டு டாங்கிகளையும் மேஜையில் நிறுத்தினேன். புழுதி, துரு, உரிந்த பெயிண்ட் எல்லாம் அச்சாக வந்திருந்தன. பல் டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து, "யோவ், எப்படியா?" என்றார். பாதி ஆட்டத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

படியேறும்போது கீழ்வீட்டில் அக்காவின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கூடப் பிறந்தவரின் குரல். "இன்னாக்கா, ஒரு வாரமா போனே காணோம். காத்து இன்னா கீது?"

"எனக்கு இன்னா தெரியும். செல்லுல போட்டுப் பாத்துக்கோ" என்றார் அக்கா.

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சைக் கெடுத்தேன், மெஷினைக் கெடுத்தேன் என்று மட்டும்தான் அதுவரை கணக்கு வைத்திருந்தேன். இந்த மனுஷி மொட்டை மாடி ஏறுவதை நிறுத்திவிட்டது என் கண்ணிலேயே படவில்லை. அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று கோபமும் வந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் ஒரு டாங்கியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே குந்தி உட்கார்ந்து டாங்கியைத் தரையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்டர், ஸ்பிரிட், சந்து, ஜன்னல். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்க்காதது.

"அப்போ அன்னிக்கு அட்ச்சது கொண்டல்தானா?"

"ஆமாக்கா."

"பதினோரு நாளுமா?"

"பதினோரு நாளும் கொண்டல்தான்க்கா. நீங்க சொன்ன காத்து ஒண்ணு கூட தப்பில்ல."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிப் போனது. மீன் கையைப் பாத்திரத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, டாங்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துரு நல்லா வெச்சிகிற" என்றார். பிறகு, "உனுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார்.

"மூணாவது தடவையே."

டாங்கியைக் கீழே வைத்தார். "நாத்தத்துக்குக் கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் நைனா. தெரிஞ்சோ தெரியாமலோ எவன் வூட்லேர்ந்தும் எதுனா வரும். ஆனா அத்தினி பேரு எதிர்ல என்னைக் காத்து தெரியாதவளாக்கிட்டியே. எங்கப்பன் செத்ததுக்கு அப்புறம் எங்க வூட்ல எனுக்குன்னு மீந்தது அது ஒண்ணுதான்."

நெத்திலித் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுது. அந்த ஆபீசுக்கே எழுது. மொதல்ல காத்து எழுது, நான் சொன்னது சரின்னு. அப்பால உன் பொம்மைய எழுது" என்றார்.

அன்று சாயங்காலமே எழுதிக் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினேன். காற்றின் திசை குறித்து மேற்படி அம்மையார் கூறியவை அனைத்தும் சரியானவை என்றும், எனது இல்லத்தில் மேற்கொள்ளப்பட்ட சில வண்ணப்பூச்சுப் பணிகளின் காரணமாக மேற்படி நாட்களில் துர்நாற்றம் ஏற்பட்டது என்றும் இருந்தது. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகமாகப் படித்தேன். அக்கா கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை நகர்த்தி, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் போனார்.

"பொம்மை எங்க கீது?" என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியும் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டார். "அஞ்சாவது வரைக்கும் போய்க்கிறேன். உன் எழுத்து அழகா கீதுன்னுதான் நோட்ட உன்னாண்ட குட்த்தேன். படிக்கத் தெரியாம இல்ல."

"வண்ணப்பூச்சுப் பணின்னா அதுதான்க்கா" என்றேன்.

"இது வூட்டுக்கு வெள்ளை அட்ச்சா மாரி கீது. பொம்மைன்னு எழுது. தெரிஞ்சும் ஒம்போது தபா எழுதினேன்னு எழுது."

அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். மூன்று வரி போதுமானதாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துபோய் அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கே இருந்த பெண் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், பக்கத்து மேஜைக்காரரிடம் நகர்த்தினார், அவரும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். முத்திரை குத்தி ஒரு நகல் கொடுத்தார்கள். பழைய பக்கங்கள் இனிச் செல்லுமா செல்லாதா என்று இன்றுவரை பதில் வரவில்லை. மெஷினும் வரவில்லை.

நகலை அக்கா தெருவில் எல்லாருக்கும் காட்டினார். தெரு சிரிக்கத்தான் செய்தது, இரண்டு வாரம். எனக்கு "டாங்கி சாரு" என்று பெயர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அக்காவிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, ஆனால் துணி காயப் போடும் முன் அவரிடம் காற்று கேட்கிறார். மனுக்கள் இப்போதும் என்னிடம் வருகின்றன, எழுதி முடித்ததும் முழுதாகப் படித்துக் காட்டச் சொல்கிறார்கள். பிரிண்டரைப் பல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அச்சடித்துக் கொடுக்கும் டாங்கிகளுக்குத் தண்ணீர்ப் பெயிண்ட் மட்டும் தூரிகையால் அடிக்கிறேன். அதில் நாற்றமே கிடையாது. அக்காவை மேலே அழைத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லி, காட்டியும் விட்டேன்.

புது நோட்டு அக்காவிடம் இருக்கிறது. அவரே எழுதுகிறார், பெரிய பெரிய எழுத்தில், கோடு தாண்டி. கம்பெனிகள் நிறுத்தவில்லை. மேல்காற்று நாற்றத்தைக் கொண்டுவரும்போதெல்லாம் அக்கா நோட்டோடு வாசலில் இறங்கி, முதலில் காற்றைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருப்பக்க ஜன்னலை அண்ணாந்து கூப்பிடுகிறார்.

"நைனா, இது நீயா, கம்பெனியா?"

குழாயடியில் நிற்பவர்கள், பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். கிண்டலுக்கு அவர் அதைக் கேட்பதில்லை. ஒரு வரிகூட இனித் தப்பாகப் போகக் கூடாது என்றுதான் கேட்கிறார். நான் ஜன்னலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "நான் இல்லக்கா" என்று சொல்ல வேண்டும். சில நாள் ஒரு தடவை சொன்னால் போதுவதில்லை. இன்னொரு தரம் கேட்கிறார், இன்னொரு தரம் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் எழுதுகிறார்.